கணக்குப் பேராசிரியரும் கணக்கில் சேராத மக்களும்

1948ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 10ஆம் திகதி. பாரிஸ் நகரில் கூடியிருந்த ஐக்கிய நாடுகள் பொதுச்சபை உலக மனித உரிமைப் பிரகடனத்தை ஏற்றுக்கொண்ட நாள் அது. பிறந்த எவருக்கும் ஏதேனும் ஒரு நாட்டின் பிரஜையாக இருக்கும் உரிமை உண்டு என்பது அப்பிரகடனத்தின் 15ஆவது உறுப்புரையின் சாரம். அதே நாளில், சுதந்திரமடைந்து பத்து மாதங்களே ஆகியிருந்த இலங்கையின் பாராளுமன்றத்தில் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமை மசோதா இரண்டாவது வாசிப்புக்கு வந்தது. பல இலட்சம் மலையகத் தொழிலாளரின் தலைவிதியைத் தீர்மானிக்கும் அந்த மசோதா மீது வாக்கெடுப்பு நடைபெற்றபோது, அமைச்சரவை உறுப்பினர் ஒருவர் எழுந்து சபையை விட்டு வெளியேறினார். அவர் வர்த்தக அமைச்சர். வவுனியாத் தொகுதியின் உறுப்பினர். பெயர் செல்லப்பா சுந்தரலிங்கம்.

ஐக்கிய அமெரிக்காவின் மாணவர்கள் தம் நாட்டை ஆக்கியோரின் பெயர்களைச் சிறுவயதிலேயே அறிந்துகொள்கிறார்கள். வோஷிங்டன், ஜெபர்சன், மடிசன் ஆகிய பெயர்களை நம் மாணவர்களும் அறிவர். ஆனால், சுதந்திர இலங்கையின் முதலாவது அமைச்சரவையில் வன்னி மண்ணின் பிரதிநிதி ஒருவர் வீற்றிருந்தார் என்பதையும், ஒரு கொள்கையின் பொருட்டு அவர் பதவியைத் துறந்தார் என்பதையும் இன்று வன்னியில் எத்தனை பேர் அறிவர்? அவருக்கு மாலை சூட்டுவதற்காகவோ அவரைத் தூற்றுவதற்காகவோ நாம் இதனை எழுதவில்லை. அவருடைய அரசியல் வாழ்வு முழுவதிலும் ஒரே வினா மீண்டும் மீண்டும் எழுந்து நிற்பதைக் காண்கிறோம். மக்கள் என்ற கணக்கில் யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது என்பதே அவ்வினா. அது இன்றும் நம் வாசலில் நிற்கிறது.

உரும்பிராயிலிருந்து ஒக்ஸ்போர்டுக்கு

சுந்தரலிங்கம் 1895ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்து உரும்பிராயில் பிறந்தார். யாழ்ப்பாணம் பரி.யோவான் கல்லூரியிலும் கொழும்பு புனித சூசையப்பர் கல்லூரியிலும் பயின்று, ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தின் பேலியல் கல்லூரிக்குச் சென்றார். தாயகம் திரும்பிச் சிவில் சேவையில் சேர்ந்த அவர், அக்காலத்தில் பெற்றோர் தம் பிள்ளைகளுக்குக் கனவு கண்ட அப்பதவியில் நெடுநாள் நிலைக்கவில்லை. கொழும்பு ஆனந்தா கல்லூரியில் உப அதிபராகப் பணியாற்றினார். பௌத்த மறுமலர்ச்சியின் கோட்டையாக விளங்கிய கல்லூரியில் சைவத் தமிழர் ஒருவர் அப்பொறுப்பை வகித்தமை, அன்றைய கொழும்பில் இனங்களிடையே நிலவிய உறவை நமக்கு உணர்த்துகிறது. பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகக் கல்லூரியின் முதலாவது கணிதப் பேராசிரியரானார். அவருடைய சகோதரர்களுள் ஒருவரான சி.நாகலிங்கம் உயர் நீதிமன்ற நீதியரசராக விளங்கியவர்.

ஆக, அரசியலுக்கு வருமுன் சுந்தரலிங்கம் கணக்கை வாழ்வாகக் கொண்டவர். அந்தக் கணக்கே அவரை முதன்முதலில் அரசியல் வரலாற்றில் இழுத்துவிட்டது.

ஏழு குழுக்களின் கணக்கு

1931ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த டொனமூர் அரசியலமைப்பில் இன்றுள்ளது போன்ற அமைச்சரவை இருக்கவில்லை. அரசாங்க சபையின் உறுப்பினர்கள் ஏழு நிர்வாகக் குழுக்களாகப் பிரிவர். ஒவ்வொரு குழுவும் தனக்கொரு தலைவரைத் தெரிவு செய்யும். அத்தலைவரே அத்துறையின் அமைச்சர். ஒரு குழுவில் ஏறத்தாழ எட்டுப் பேர் இருப்பர். எந்தக் குழுவில் யார் சேர்வது என்பதை முன்கூட்டியே திட்டமிட்டால், ஏழு குழுக்களிலும் பெரும்பான்மைச் சமூகத்தவரே தலைவராகும்படி செய்துவிட முடியும்.

1931ஆம் ஆண்டின் அமைச்சர்கள் எழுவருள் இருவர் சிறுபான்மையினர். ஒருவர் மலையகத் தமிழரான பெரி சுந்தரம். மற்றவர் முஸ்லிம் சமூகத்தின் தலைவர்களுள் ஒருவரான மாக்கான் மாக்கார். 1936ஆம் ஆண்டு ஏழு இடங்களுமே சிங்களத் தலைவர்களிடம் சென்றன. அந்தத் தனிச் சிங்கள அமைச்சர் குழு உருவாவதற்கான குழுக் கணக்கைப் போட்டுக் கொடுத்தவர், டி.எஸ்.சேனநாயக்கவின் நண்பராயிருந்த பேராசிரியர் சுந்தரலிங்கமே என்பது பரவலாக எழுதப்பட்டும் பேசப்பட்டும் வந்துள்ள செய்தியாகும். மேலதிக சுயாட்சி கோருவதற்கு ஒரே குரலில் பேசும் அமைச்சர் குழு தேவை என்பதே அன்று கூறப்பட்ட நியாயம்.

காகிதத்தில் அது ஒரு நேர்த்தியான கணக்கு. ஆனால் அதன் விடையில் ஒரு மலையகத் தமிழரும் ஒரு முஸ்லிமும் ஆசனம் இழந்தனர். வடக்குத் தமிழருக்கும் இடம் கிடைக்கவில்லை. 1942ஆம் ஆண்டில் அருணாசலம் மகாதேவா உள்நாட்டலுவல்கள் அமைச்சராகும் வரை அந்நிலை நீடித்தது. சிறுபான்மையினரின் மனத்தில் அது விதைத்த அச்சம் அதன் பின்னரும் நீங்கவில்லை.

வன்னிக்குக் கிடைத்த ஆசனம்

1947ஆம் ஆண்டின் பொதுத் தேர்தலில் சுந்தரலிங்கம் வவுனியாவில் சுயேச்சையாகப் போட்டியிட்டு வென்றார். அந்தத் தொகுதி பிறந்ததும் ஒரு கணக்கினால்தான். சோல்பரி அரசியலமைப்பு 75,000 மக்களுக்கு ஓர் ஆசனம் என வகுத்ததோடு, ஒவ்வோர் ஆயிரம் சதுர மைல் நிலப்பரப்புக்கும் மேலும் ஓர் ஆசனத்தை அளித்தது. மொத்தமுள்ள 95 ஆசனங்களில் 25 நிலப்பரப்பின் பேரில் வந்தவை. அன்றைய வவுனியா மாவட்டம் முல்லைத்தீவையும் உள்ளடக்கியது. காடும் குளமும் நிறைந்த அம்மாவட்டத்தின் சனத்தொகை அக்காலத்தில் முப்பதாயிரத்தையும் தொடவில்லை. தலைகளை மட்டும் எண்ணியிருந்தால் வன்னிக்கென ஒரு தொகுதி கிடைத்திருக்காது. சிறுபான்மையினரும் பின்தங்கிய பிரதேசத்தவரும் குரலற்றுப் போகாதிருக்கச் செய்யப்பட்ட ஏற்பாட்டின் பயனாகவே, வன்னிக்கு ஒரு குரல் கிடைத்தது.

செப்டெம்பர் மாதத்தில் சேனநாயக்க தம் பழைய நண்பரை அமைச்சரவைக்கு அழைத்து வர்த்தகத் துறையை ஒப்படைத்தார். மன்னார் உறுப்பினர் சி.சிற்றம்பலம், முஸ்லிம்கள் போற்றும் கல்விமான் டி.பி.ஜாயா ஆகியோரும் அந்த அமைச்சரவையில் இடம்பெற்றனர். 1936இல் தனித்துப் போன கணக்கு இம்முறை திருத்தப்பட்டுவிட்டது போலத் தோன்றியது.

வெளிநடப்பு

அத்தோற்றம் ஓர் ஆண்டு கூட நீடிக்கவில்லை. 1948 ஓகஸ்ட் மாதத்தில் இலங்கைப் பிரஜாவுரிமை மசோதா சபைக்கு வந்தது. இலங்கையில் பிறந்திருப்பது மட்டும் போதாது. தந்தையோ, அல்லது தந்தைவழிப் பாட்டனும் முப்பாட்டனுமோ இங்கு பிறந்திருக்க வேண்டும் என்று அது விதித்தது. பிறப்புப் பதிவு ஒழுங்காக இல்லாத தோட்ட லயன்களில் வாழ்ந்த தொழிலாளி, தன் தந்தையின் பிறப்பை எங்ஙனம் நிரூபிப்பான்? அமைச்சராக இருந்த சுந்தரலிங்கம் அந்த மசோதாவை ஆதரித்து வாக்களித்தார். இதனை நாம் மறைத்தலாகாது. அன்று எதிர்த்து வாக்களித்த ஜி.ஜி.பொன்னம்பலம் அடுத்த மாதமே அமைச்சராகி, டிசெம்பர் மசோதாவை ஆதரித்தார். ஓகஸ்டில் ஆதரித்த சுந்தரலிங்கமோ டிசெம்பரில் வெளியேறினார். நம் தலைவர்களின் வரலாறு நேர்கோட்டில் செல்வதில்லை.

டிசெம்பர் மசோதா பதிவின் மூலம் பிரஜாவுரிமை பெற வழிவகுப்பதாகக் கூறப்பட்டது. ஆயினும் மணமானவராயின் ஏழு ஆண்டுகள், மணமாகாதவராயின் பத்து ஆண்டுகள் தொடர்ச்சியாக இங்கு வதிந்தமைக்குச் சான்று வேண்டும். போதிய வருமானத்துக்கும் சான்று வேண்டும். சுந்தரலிங்கம் வெளியேறியதும், பிரதமர் விளக்கம் கோரினார். அவர் அமைச்சுப் பதவியைத் துறந்து, சுயேச்சை உறுப்பினராக அமர்ந்தார்.

அதன் பின் நிகழ்ந்தவற்றை வரலாறு அறியும். 1949ஆம் ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டம், பிரஜைகளுக்கே வாக்கு என்றது. 1947இல் இலங்கை இந்தியர் காங்கிரஸின் சார்பில் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மலையக மக்களால் 1952இல் ஒருவரையும் அனுப்ப முடியவில்லை. பிரஜாவுரிமை கோரி எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். 1964ஆம் ஆண்டளவில் அதனைப் பெற்றோர் ஏறத்தாழ ஒரு இலட்சத்து 34 ஆயிரம் பேர் மட்டுமே. சிறுபான்மையினருக்குக் காப்பு எனக் கருதப்பட்ட சோல்பரி அரசியலமைப்பின் 29ஆவது பிரிவு கைகொடுக்கும் என நம்பி வழக்காடினர். ஒரு நாடு தன் பிரஜை யார் எனத் தீர்மானிப்பதில் தவறில்லை எனக் கோமறைக் கழகம் 1953இல் தீர்ப்பளித்தது.

இதைவிடக் கொடிய வேடிக்கை ஒன்றும் உண்டு. 1959ஆம் ஆண்டின் தொகுதி நிர்ணயத்தில், வாக்குரிமை இழந்த மலையக மக்களும் சனத்தொகைக் கணக்கில் சேர்க்கப்பட்டனர். அவர்களின் தலைகள் மலைநாட்டுக்கு மேலதிக ஆசனங்களைப் பெற்றுக்கொடுத்தன. அவ்வாசனங்களுக்கு உரியவர்களைத் தெரிவு செய்யும் உரிமையோ பிறரிடம் இருந்தது. ஆசனத்தை எண்ணும்போது மனிதர். வாக்கை எண்ணும்போது அந்நியர்.

பிலடெல்பியாவின் பாடம்

இது இலங்கைக்கு மட்டும் உரிய விந்தையன்று. 1787ஆம் ஆண்டு பிலடெல்பியாவில் கூடி அமெரிக்க அரசியலமைப்பை வரைந்தவர்களும் இதே கணக்கைப் போட்டனர். தென் மாநிலங்களின் கறுப்பின அடிமைகளை ஆசனங்களைப் பங்கிடும்போது ஐந்தில் மூன்று பங்காக எண்ணுவதென முடிவாயிற்று. வாக்கு அவர்களுக்கு இல்லை. அவர்களின் பேரில் கிடைத்த பலம் எசமானருக்கே சென்றது.

அந்தச் சபையில் வேர்ஜினியாவின் ஜோர்ஜ் மேசன் இருந்தார். 1776ஆம் ஆண்டின் வேர்ஜினிய உரிமைப் பிரகடனத்தை வரைந்த அவர், நாடாக்கியோர் வரிசையில் வைத்து எண்ணப்படுபவர். புதிய அரசியலமைப்பில் மக்களின் உரிமைகள் எழுத்தில் இல்லை என்பதே அவரது முதன்மையான ஆட்சேபம். அடிமை வணிகத்தை இருபது ஆண்டுகளுக்குத் தடைசெய்ய முடியாதபடி விட்டதையும் அவர் ஏற்கவில்லை. செப்டெம்பர் 17ஆம் திகதி ஏனையோர் ஒப்பமிட்டபோது மறுத்த மூவருள் அவரும் ஒருவர். வோஷிங்டனுடனான நெடுநாள் நட்பையும் அதனால் இழந்தார். அவரைப் போன்றோரின் பிடிவாதம் வீண்போகவில்லை. 1791இல் உரிமைகள் பற்றிய பத்துத் திருத்தங்கள் அரசியலமைப்பில் இணைந்தன.

எனினும் அடிமை வணிகத்தைக் கண்டித்த மேசனின் பண்ணையில் உழைத்தவர்களும் அடிமைகளே. 1792இல் அவர் இறக்கும்போது அவர்கள் விடுவிக்கப்படவில்லை. ஐந்தில் மூன்று என்ற கணக்கு ஒழிய ஓர் உள்நாட்டுப் போரும் 1868ஆம் ஆண்டின் 14ஆவது திருத்தமும் தேவைப்பட்டன. ஒப்பமிட மறுத்த மேசனின் துணிவைப் போற்றும் அமெரிக்க வரலாற்றாசிரியர்கள், அவரது பண்ணையின் அடிமைகளையும் அதே பக்கத்தில் எழுதுகின்றனர். நாமும் அவ்வாறே எழுதப் பழக வேண்டும்.

மாவிட்டபுரத்து வாசல்

பதவி துறந்த பின் சுந்தரலிங்கத்தின் அரசியல் கூர்மையடைந்தது. 1951இல் சிங்கக் கொடி தேசியக் கொடியாக ஏற்கப்பட்டதை எதிர்த்து ஆசனத்தைத் துறந்தார். இடைத்தேர்தலில் வவுனியா மக்கள் அவரையே மீண்டும் அனுப்பினர். 1952இலும் 1956இலும் வென்றார். தனிச் சிங்களச் சட்டம் வந்த காலத்தில், தந்தை செல்வா சமஷ்டி கோரி நிற்க, சுந்தரலிங்கம் தனித் தமிழ் அரசு பற்றிப் பேசலானார். 1959இல் ஈழத் தமிழர் ஒற்றுமை முன்னணியைத் தொடங்கினார். 1976ஆம் ஆண்டின் வட்டுக்கோட்டைத் தீர்மானத்துக்கு நெடுங்காலம் முந்திய குரல் அது. அடங்காப்பற்று எனப் பெயர்பெற்ற வன்னியின் பிரதிநிதியை மக்கள் அடங்காத் தமிழர் என அழைத்தனர். ஆயினும் 1960 மார்ச் தேர்தலில் அதே மக்கள் அவரைத் தோற்கடித்தனர். 1970இல் காங்கேசன்துறையில் தந்தை செல்வாவை எதிர்த்தும் தோற்றார்.

இவ்விரு தோல்விகளுக்கும் இடையிலே தான் அவரது வாழ்வின் இருண்ட பக்கம் வருகிறது. 1968ஆம் ஆண்டு, ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த மக்கள் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலில் வழிபடும் உரிமை கேட்டுச் சத்தியாக்கிரகம் இருந்தனர். அவர்களை உள்ளே விடாது வாசலில் நின்று தடுத்தோரின் முன்வரிசையில் நின்றவர் சுந்தரலிங்கம். சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டத்தின் கீழ் அவர்மீது வழக்கும் தொடரப்பட்டது. ஒக்ஸ்போர்டில் கற்றவர், தோட்டத் தொழிலாளியின் பிரஜாவுரிமைக்காக அமைச்சர் நாற்காலியை உதறியவர், தமிழரின் விடுதலை பேசியவர். அவரே தமிழருள் ஒரு பகுதியினரைப் பார்த்து, இவ்வாசலுக்குள் உங்களுக்கு இடமில்லை என்றார். தமிழர் என்று அவர் எண்ணிய எண்ணில் அவர்கள் சேரவில்லை போலும்.

1985ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம், தம் தொண்ணூறாவது வயதை எட்டுமுன் அவர் காலமானார். அதற்குள் அவர் பேசிய தனி அரசு ஆயுதப் போராட்டத்தின் முழக்கமாகியிருந்தது.

இன்றைய வன்னியின் கணக்கு

அவர் விட்டுச் சென்ற வினாவுக்கு வன்னி மண்ணே சாட்சி. 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களால் மலையகத்திலிருந்தும் தெற்கிலிருந்தும் துரத்தப்பட்டவர்கள் புகலிடம் தேடி வந்தது வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சிக் காடுகளுக்கே. காந்தீயம் அமைப்பின் எஸ்.ஏ.டேவிட், மருத்துவர் இராஜசுந்தரம் போன்றோர் அவர்களைக் குடியேற்றப் பாடுபட்டனர்; இராஜசுந்தரம் 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். 1948இல் வவுனியா உறுப்பினர் யாருக்காக வெளியேறினாரோ, அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று அவரது பழைய தொகுதியின் வாக்காளர்கள். 1988இலும் 2003இலும் வந்த சட்டங்கள் பிரஜாவுரிமைப் பிரச்சினைக்கு ஒருவாறு முடிவு கட்டின. ஆனால், காடு வெட்டிக் களனியாக்கியவருக்குக் காணி உறுதி கிடைத்ததா, வாய்க்கால் நீரில் சமபங்கு கிடைத்ததா, தோட்டக்காட்டார் என்ற ஏளனச் சொல் நம் நாவிலிருந்து மறைந்ததா என்ற வினாக்களுக்குக் கொழும்பு மட்டும் பதில் கூற வேண்டியதில்லை. நாமும் கூற வேண்டும்.

1990 ஒக்டோபர் மாதத்தில் வடமாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். முல்லைத்தீவின் நீராவிப்பிட்டியில் தலைமுறை தலைமுறையாகத் தமிழ் பேசி வாழ்ந்தவர்களும் அவர்களுள் அடங்குவர். தமிழ் பேசும் மக்கள் என்ற கணக்கில் எண்ணப்பட்ட ஒரு சமூகம் ஒரே நாளில் அக்கணக்கிலிருந்து அழிக்கப்பட்டது. புத்தளத்தில் பிள்ளைகளைப் பெற்று வளர்த்த அவர்கள், எந்த ஊரின் வாக்காளர் இடாப்பில் தம் பெயர் வர வேண்டும் என்று பல ஆண்டுகள் அலைய நேர்ந்தது. 2013ஆம் ஆண்டு இடம்பெயர்ந்த வாக்காளருக்கெனத் தனிச் சட்டமே வேண்டியிருந்தது. தந்தையின் பிறப்புக்குச் சான்று கேட்டு மலையகத் தமிழரை அலைக்கழித்ததைக் கண்டிக்கும் நாம், வீட்டுக்கும் காணிக்கும் சான்று கேட்கப்பட்டு மீள்குடியேறத் தவித்த அயலவரின் துயரை வேறொன்றாகக் கருத முடியுமா?

2009ஆம் ஆண்டின் கணக்கோ இன்னமும் குருதி காயாதது. போர் வலயத்தில் ஏறத்தாழ எழுபதாயிரம் பேரே இருப்பதாக அரசாங்கம் அன்று கூறியது. உணவும் மருந்தும் அக்கணக்குக்கே அளந்து அனுப்பப்பட்டன. போரின் இறுதி மாதங்களில் வெளியே வந்து, செட்டிகுளம் மெனிக்பாம் முதலிய முகாம்களில் அடைக்கப்பட்டவர்களோ இரண்டரை இலட்சத்தையும் தாண்டினர். மேலும் ஒரு இலட்சத்து 46 ஆயிரத்து 679 பேருக்கு என்ன நேர்ந்தது என 2011 ஜனவரியில் அன்றைய மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் நல்லிணக்க ஆணைக்குழுவிடம் வினவினார். காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் வீதியோரத்தில் ஆண்டுக்கணக்காக அமர்ந்திருந்ததும், தம் பிள்ளைகளைக் கணக்கில் கொண்டுவரும்படி கேட்டுத்தான்.

உயிர் பிழைத்தோரின் அரசியல் பலமும் எண்ணிக்கையில் தேய்ந்து வந்துள்ளது. கிளிநொச்சியை உள்ளடக்கிய யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு 2010இல் ஒன்பது ஆசனங்கள், 2015இல் ஏழு, 2024இல் ஆறு. நிலப்பரப்பையும் கணக்கிட்டு வன்னிக்கு ஓர் ஆசனத்தை அன்று உறுதி செய்த ஏற்பாட்டின் அருமை இப்போது விளங்குகிறது. வெறும் தலைக்கணக்கு, தலைகளை இழந்த மக்களை மீண்டும் ஒருமுறை தண்டிக்கும்.

நாம் கற்க வேண்டியது

சுந்தரலிங்கத்தின் வாழ்விலிருந்து இரு பாடங்களை நாம் பெறலாம். முதலாவது, நல்லெண்ணமும் நட்பும் உரிமைக்குக் காவலாகா. சேனநாயக்கவின் நட்பை நம்பியவர், ஏறத்தாழப் பதினைந்து மாதங்கள் கழிய அதே சேனநாயக்கவிடம் விளக்கம் சொல்ல வேண்டியவரானார். மேசன் கேட்டது போல உரிமைகள் எழுத்தில் இருக்க வேண்டும். அவ்வெழுத்தும் 29ஆவது பிரிவைப் போல நீதிமன்ற வாசலில் கைவிட்டுவிடாததாக இருக்க வேண்டும். புதிய அரசியலமைப்புப் பற்றி எக்காலத்தில் பேச்சு எழுந்தாலும் தமிழ், முஸ்லிம், மலையகப் பிரதிநிதிகள் ஒன்றாக அமர்ந்து இதனைக் கோர வேண்டும். மூவரும் தனித்தனியே சென்று கோரியதன் பலனை 1948 நமக்குக் காட்டியுள்ளது.

இரண்டாவது பாடம் கசப்பானது. பிறரிடம் நீதி கேட்பவர் தம் வீட்டு வாசலிலும் அதே நீதியை வழங்க வேண்டும். பாராளுமன்றத்திலிருந்து வெளியேறிய சுந்தரலிங்கமும் மாவிட்டபுரத்து வாசலை மறித்த சுந்தரலிங்கமும் ஒருவரே. முன்னவரை மட்டும் நினைவில் வைத்துப் பின்னவரை மறப்போமாயின், அவர் விட்ட பிழையை நாமும் விடுவோம். ஒடுக்கப்பட்ட சாதியினர், மலையகத்திலிருந்து வந்தோர், திரும்பி வந்த முஸ்லிம்கள், கணவரை இழந்து குடும்பம் சுமக்கும் பெண்கள் ஆகிய எல்லோரும் சேர்ந்ததே வன்னி மக்கள் என்ற தொகை.

ஒரு கூட்டலில் ஓர் எண் விடுபட்டால் விடை முழுவதும் பிழை என்பதைக் கணிதப் பேராசிரியர் தம் மாணவர்களுக்கு எத்தனையோ முறை கூறியிருப்பார். அரசியலில் அதனை அவர் ஒரு முறை உணர்ந்தார், மறுமுறை மறந்தார். நாம் மறவாதிருப்போமாக.